அறுபதாயிரத்துக்கு ஒரு பாட்டு

வாசகர் கேள்வி: நாகர்கோவிலில் ஒரு தனியார் பள்ளியில் இசை ஆசிரியையாக இருக்கிறேன். வயது 31. நான் எழுதி மெட்டமைத்த ஒரு பாடலுக்கு என் சித்தப்பா மகன் வீட்டிலேயே மடிக்கணினியில் பின்னணி இசை சேர்த்துக் கொடுத்தான். என் தோழி பாடினாள். யூடியூபில் போட்டோம். அதில் ஒரு சிறு பகுதியை யாரோ வெட்டி ரீல்ஸில் போட, இப்போது அது ஊரெல்லாம் ஓடுகிறது. சென்னையிலுள்ள ஓர் இசை நிறுவனம் ரூ.60,000 தருவதாகச் சொல்லி, எல்லா உரிமைகளையும் எழுதிக் கேட்டு ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது; இணைத்துள்ளேன். "ஸ்ட்ரீமிங்கில் ஒன்றும் தேறாது, வந்ததை வாங்கிக்கொள்" என்கிறார் என் அக்காள் கணவர். வீட்டுக் கடன் இருக்கிறது. பணம் கொடுத்தால் ஒரு லட்சம் ஸ்ட்ரீம் ஏற்றித் தருவதாக இன்னொருவர் சொல்கிறார். செயற்கை நுண்ணறிவு வேறு வந்துவிட்டது. கையெழுத்துப் போடலாமா? வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இதில் இறங்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஒப்பந்தத்தை முழுவதும் படித்தேன். இப்போதுள்ள வடிவத்தில் அதில் கையெழுத்திட வேண்டாம். தொகை குறைவு என்பதற்காக இதைச் சொல்லவில்லை. இன்று கையில் வரும் அறுபதாயிரத்தை அலட்சியப்படுத்தும்படி கடன் உள்ள ஒருவருக்கு நான் சொல்லமாட்டேன். என்னை நிறுத்தியது 11-ஆம் பிரிவு. கையெழுத்திட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு நீங்கள் உருவாக்கும் எந்தப் பாடலையும் முதலில் அந்த நிறுவனத்துக்கே, இதே நிபந்தனைகளின்படி அளிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. விளம்பரச் செலவு, வரிப்பிடித்தம் பற்றிய பத்திகளுக்கு நடுவே அது செருகப்பட்டிருப்பதால் உங்கள் கண்ணில் படாமல் போயிருக்கலாம். நீங்கள் ஒரு பாட்டை விற்கப் போவதாக நினைக்கிறீர்கள். ஒப்பந்தமோ இனி எழுதப்போகும் பாடல்களுக்கும் சேர்த்தே விலை பேசுகிறது. வேறு எதில் விட்டுக்கொடுத்தாலும் இந்தப் பிரிவு முழுவதுமாக நீங்க வேண்டும்.

அடுத்ததாக, "பாடலின் எல்லா உரிமைகளும்" என்று ஒரே மூச்சில் சொல்லப்படுவதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சட்டத்தின் கண்ணில் உங்கள் கையில் இருப்பது ஒரு பொருள் அல்ல. வரிகள் ஓர் இலக்கியப் படைப்பு, மெட்டு ஓர் இசைப் படைப்பு, தோழி பாடி முடித்து மிக்ஸிங் செய்யப்பட்ட கோப்பு ஓர் ஒலிப்பதிவு. மூன்றுக்கும் தனித்தனி உரிமைகள் உண்டு. வரிகளிலும் மெட்டிலும் உங்களுக்குள்ள உரிமை உங்கள் ஆயுள் முழுவதும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். ஒலிப்பதிவின் உரிமை வெளியான அடுத்த ஆண்டிலிருந்து கணக்கிட்டு 60 ஆண்டுகள் நிற்கும். நிறுவனத்துக்கு உண்மையில் தேவைப்படுவது ஒலிப்பதிவு. அதை உங்களிடம் வாங்கும்போதே வரிகளையும் மெட்டையும் சேர்த்து அள்ளிக்கொள்வது இத்தொழிலின் பழைய வழக்கம்.

அந்த வழக்கத்துக்குக் கடிவாளம் போட்டது 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்துக்கு வந்த திருத்தம். திரைப்படத்தில் இடம்பெறாத ஒலிப்பதிவாக இருந்தாலும், அதிலுள்ள வரிகளையும் இசையையும் படைத்தவர், அவற்றின் பயன்பாட்டுக்கான ராயல்டியை உரிமை பெற்றவரோடு சமமாகப் பகிர்ந்துகொள்ளும் உரிமையை எவருக்கும் எழுதிக் கொடுக்கவோ துறக்கவோ முடியாது. தம் சட்டப்படியான வாரிசுகளுக்கும், ராயல்டியை வசூலித்துப் பகிர்ந்தளிக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கும் மட்டுமே அதை மாற்றலாம். ஆகவே உங்கள் ஒப்பந்தத்தின் 4-ஆம் பிரிவில் உள்ள "இத்தொகையே முழுமையானதும் இறுதியானதுமாகும், வேறெந்த ராயல்டியும் கோரப்படமாட்டாது" என்ற வாக்கியம், எழுத்தாளர், இசையமைப்பாளர் என்ற முறையில் உங்களுக்கு உள்ள அந்தப் பங்கைப் பறிக்க வல்லதல்ல. "இனிமேல் கண்டுபிடிக்கப்படும் எல்லா ஊடகங்களிலும்" என்ற தொடரும் அப்படியே: ஒப்பந்த நாளில் இல்லாத பயன்பாட்டு முறைக்கு, அதைக் குறிப்பாகப் பெயர்சொல்லி எழுதினாலன்றி, உரிமை மாற்றம் பொருந்தாது என்கிறது அதே திருத்தம். இத்தகைய வாக்கியங்கள் ஏன் இன்னும் அச்சாகின்றன என்று கேட்பீர்கள். கையெழுத்திடுபவர்களில் பெரும்பாலோர் அவற்றை நம்பி அடங்கிவிடுவதால்தான் என்பது என் எண்ணம்.

சட்டம் துணை நிற்கிறது என்பதால் பணம் தானாக வந்து சேர்ந்துவிடாது. இந்தியாவில் பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்களுக்கான ராயல்டியைத் திரட்டுவது 1969-இல் தொடங்கப்பட்ட ஐபிஆர்எஸ் என்னும் சங்கம். 2017-இல் அது திருத்தப்பட்ட சட்டத்தின்படி பதிப்புரிமைச் சங்கமாக மீண்டும் பதிவுபெற்றது. அதில் உறுப்பினராகச் சேர்ந்து இந்தப் பாடலைப் பதிவு செய்யுங்கள். நிறுவனத்துக்குப் பதில் எழுதும் முன்பே இதைச் செய்ய வேண்டும். ஏற்கெனவே சங்கத்துக்கு ஒப்படைத்த உரிமைகளுக்கு முரணாகப் பின்னால் செய்யப்படும் உரிமை மாற்றம் செல்லாது என்று சட்டத்தின் 19-ஆம் பிரிவு சொல்வதால், முன்பே உறுப்பினராகிவிட்டவர் பேரம் பேசும் நிலையே வேறு. பதிவுப் படிவத்தில் ஆதார், வங்கிக் கணக்கில் உள்ள பெயரையே எழுதுங்கள். புனைபெயரை ஓரிடத்திலும் முதலெழுத்து மாறிய பெயரை இன்னோரிடத்திலும் எழுதிவிட்டு, பணம் யாருக்குச் சேர வேண்டும் என்று தெரியாமல் தேங்கிக் கிடக்க விட்டவர்கள் உண்டு.

இனி, உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்றுக்கு வருகிறேன். இதுவே எனக்கு அதிகக் கவலை தருவது. சித்தப்பா மகனுக்கும் தோழிக்கும் இந்தப் பாட்டில் என்ன பங்கு என்று நீங்கள் மூவரும் பேசினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. 2021-இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய 'எஞ்சாய் எஞ்சாமி' பாடலை நினைத்துக்கொள்ளுங்கள். மறு ஆண்டிலேயே, அதை உருவாக்கியதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது, பாடகர் அறிவும் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனும் தனித்தனியே விளக்கம் எழுதும் அளவுக்குப் பொதுவெளியில் வாதமானது. 2024-இல் அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானம் ஏதும் வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். அனுபவமும் பெயரும் உள்ளவர்களுக்கே இந்த நிலை என்றால், வீட்டுக்குள் வாய்ப்பேச்சில் முடிந்த ஏற்பாடு எம்மாத்திரம்?

மெட்டு உங்களுடையது என்பதில் ஐயமில்லை. ஆனால் பாட்டின் தொடக்கத்தில் வரும் அந்தப் புல்லாங்குழல் ஒலி, ரீல்ஸில் எல்லோரும் வெட்டி எடுக்கும் பகுதி, உங்கள் தம்பி கணினியில் அமைத்ததாக இருக்குமானால், தானும் இசையமைப்பாளரே என்று அவர் நாளை சொல்வதில் நியாயம் இருக்கும். ஒலிப்பதிவின் உரிமையாளர் என்று சட்டம் கருதுவது, அதை உருவாக்கும் முன்முயற்சியையும் பொறுப்பையும் ஏற்றவரை. அது நீங்கள்தான் என்றே உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. மடிக்கணினி யாருடையது என்பது அதைத் தீர்மானிக்காது. தோழிக்கும் பாடகி என்ற முறையில் நிகழ்த்துநர் உரிமை உண்டு. வணிகப் பயன்பாட்டில் அவருக்கும் ராயல்டி உண்டு. மூவரும் உட்கார்ந்து, வரிகளில் யாருக்கு எத்தனை விழுக்காடு, இசையில் எத்தனை, ஒலிப்பதிவின் வருமானத்தில் எத்தனை என்று ஒரே தாளில் எழுதி, தேதியிட்டு, மூவரும் கையெழுத்திடுங்கள். உறவுக்குள் இதென்ன கணக்கு என்று உங்கள் சித்தப்பா முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். பணம் வருவதற்கு முன் எழுதும் தாளில்தான் எல்லோரும் தாராளமாக இருப்பார்கள்.

உங்கள் அத்தான் சொல்வதில் பாதி உண்மை. ஸ்ட்ரீமிங் தளங்கள் ஒரு முறை கேட்டால் இத்தனை காசு என்று கொடுப்பதில்லை. சந்தாவிலும் விளம்பரத்திலும் வருவதில் ஒரு பகுதியைப் பொதுத் தொகையாக ஒதுக்கி, மொத்தக் கேட்பில் ஒவ்வொரு பாட்டுக்கும் உள்ள விகிதப்படி உரிமைதாரர்களுக்குப் பிரிக்கின்றன. நம் நாட்டில் பெரும்பாலோர் காசு கொடுக்காமல் விளம்பரத்தோடு கேட்பவர்கள் என்பதால் அந்தப் பொதுத் தொகையே சிறியது. கானா செயலி 2022-இல் இலவசச் சேவையை நிறுத்திக்கொண்டதும், ரெஸ்ஸோ 2024 ஜனவரியோடு இந்தியாவை விட்டு வெளியேறியதும், அதே ஆண்டில் ஏர்டெல் தன் விங்க் செயலியை மூடியதும் இலவசக் கேட்பை நம்பி இங்கே கடை நடத்துவது எவ்வளவு கடினம் என்பதைக் காட்டுகின்றன. போதாக்குறைக்கு, முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாடலின் ஒலிப்பதிவுக்கு ராயல்டி கணக்கிடுவதில்லை என்று 2024 முதல் ஸ்பாட்டிஃபை விதி வைத்துள்ளது. நேரடியாக வெளியிட்டால் ஓராண்டில் அறுபதாயிரம் வந்துவிடும் என்று உங்களுக்கு நான் வாக்களிக்க மாட்டேன்.

அவர் பார்க்கத் தவறிய மறுபாதி, ஒரு பாட்டின் பணம் ஸ்ட்ரீமிங்கில் மட்டும் இல்லை என்பது. ஒரு துணிக்கடை விளம்பரமோ இணையத் தொடரோ திரைப்படக் காட்சியோ இந்த மெட்டைக் கேட்டு வருமானால், அந்த ஒரே அனுமதிக்கான தொகை பல ஆண்டு ஸ்ட்ரீமிங்கைத் தாண்டிவிடலாம். ரீல்ஸில் ஓடும் பாட்டைத் தேடி நிறுவனம் ஓடி வருவதும் அந்தக் கணக்கை வைத்துத்தான். இப்போது அந்த ரீல்ஸால் உங்களுக்கு ஒரு காசும் வராது. அந்த ஒலியின் பெயரைத் தொட்டுப் பாருங்கள்: 'ஒரிஜினல் ஆடியோ' என்று, வெட்டிப் போட்டவரின் கணக்குப் பெயரோடு நிற்கும். பாடல்களைத் தளங்களுக்குக் கொண்டுசேர்க்கும் டிஸ்ட்ரிபியூட்டர் ஒருவர் வழியாகப் பாடல் முறையாக இன்ஸ்டாகிராமின் இசைத் தொகுப்புக்குள் போனால்தான், அதில் உங்கள் பெயர் வரும், கணக்கும் தொடங்கும். ஒரு பாட்டைப் பிறர் பயன்படுத்துவதைத் தானே கண்டறியும் யூடியூபின் கன்டென்ட் ஐடி வசதியும் அவர்கள் வழியாகவே உங்களைப் போன்ற தனியாருக்குக் கிடைக்கும். ஆண்டுக் கட்டணம் வாங்கும் டிஸ்ட்ரிபியூட்டர்களில் சிலர், கட்டணம் நின்றால் பாடலைத் தளங்களிலிருந்து இறக்கிவிடுவார்கள்; சேரும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே நிறுவனத்தை விரட்ட வேண்டாம். மாற்றுத் திட்டம் அனுப்புங்கள். ஒலிப்பதிவை மட்டும், ஐந்து ஆண்டுகளுக்கு, உரிமமாக (விற்காமல், பயன்படுத்தும் அனுமதியாக மட்டும்) தருகிறோம் என்று எழுதுங்கள். ரூ.60,000 திருப்பித் தர வேண்டாத முன்பணம். அது வருமானத்தில் ஈடுகட்டப்பட்ட பின் குறிப்பிட்ட விழுக்காடு உங்களுக்கு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கறிக்கை. விளம்பரத்திலோ படத்திலோ பயன்படுத்த ஒவ்வொரு முறையும் உங்கள் எழுத்துபூர்வமான ஒப்புதல். நீங்கள் ஏற்கெனவே யூடியூபில் போட்ட காணொளிமீது நிறுவனம் உரிமை கோராது என்ற உறுதி. கடைசியில் சொன்னதை வேடிக்கையாக நினைக்காதீர்கள். சொந்தச் சேனலில் சொந்தப் பாட்டுக்கே பதிப்புரிமை அறிவிப்பு வாங்கியவர்கள் இருக்கிறார்கள். நிறுவனம் எதற்கும் இணங்காமல், கடனும் நெருக்கினால், ஒலிப்பதிவை மட்டும் நிரந்தரமாக விற்றுவிடுங்கள். அதை நான் தவறென்று சொல்லமாட்டேன். வரியும் மெட்டும் உங்களிடம் இருந்தால் அதே பாட்டை, அதற்குத் தடையாக ஒப்பந்தத்தில் எதுவும் இல்லாதவரை, வேறு குரலில் மீண்டும் பதிவு செய்துகொள்ளலாம்.

லட்சம் ஸ்ட்ரீம் ஏற்றித் தருவதாகச் சொல்பவருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். அவை கணினிகள் கேட்கும் கேட்பு. செயற்கைக் கேட்பு மிகுந்த பாடல்களுக்கு டிஸ்ட்ரிபியூட்டர்களிடம் ஸ்பாட்டிஃபை அபராதம் வசூலிக்கிறது. அவர்கள் அதை உங்கள் தலையில் கட்டுவார்கள், அல்லது பாடலையே நீக்கிவிடுவார்கள்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிய உங்கள் அச்சம் வீண் அச்சம் அல்ல. முழுக்கக் கணினி உருவாக்கிய பாடல்கள் நாள்தோறும் 20,000-க்கு மேல் தங்களிடம் ஏற்றப்படுவதாகவும், அது புதிய வரவில் 18 விழுக்காடு என்றும் 2025 ஏப்ரலில் டீசர் (Deezer) என்னும் ஸ்ட்ரீமிங் தளம் அறிவித்தது. பின்னணியில் ஓடவிடும் மென்னிசை, விளம்பரத் துணுக்கு போன்ற வேலைகளில் சம்பாதித்தவர்களுக்கு முதல் அடி விழும் என்றே நான் கருதுகிறேன். ஒரு ஊரின் பேச்சும் ஒரு ஆளின் குரலும் வேண்டிய பாட்டுக்கு அவ்வளவு விரைவில் விழாது. நீங்கள் இன்று செய்ய வேண்டியது ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. அதன் 7-ஆம் பிரிவில் "தரவுப் பயன்பாடு" என்று இரண்டே சொற்கள் உள்ளன. உங்கள் பாட்டை மென்பொருளுக்குப் பயிற்சியளிக்கவும் தோழியின் குரலை நகலெடுக்கவும் அதை இழுத்துப் பொருள்கொள்ள முடியும். 'லால் சலாம்' படத்துக்காக மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைக் கணினியில் மீட்டெடுத்தபோது, குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று ஊதியமும் கொடுத்ததாக ஏ.ஆர்.ரகுமான் தெரிவித்தார். அரிஜித் சிங்கின் குரலை அனுமதியின்றி நகலெடுப்பதற்கு 2024-இல் மும்பை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. இவ்விரண்டையும் சுட்டி, பயிற்சிக்கும் குரல் நகலுக்கும் தனி அனுமதியும் தனித் தொகையும் வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள்.

வேலையை விட வேண்டாம். ஒரு பாட்டு பரவியதை வைத்து அந்த முடிவை எடுக்க முடியாது. இரண்டு மூன்று பாடல்களின் கணக்கறிக்கைகள் கைக்கு வந்த பின் மீண்டும் யோசியுங்கள். பள்ளிச் சம்பளம் இருப்பதால்தான் இந்த நிறுவனத்திடம் 'முடியாது' என்று சொல்லும் வசதியே உங்களுக்கு இருக்கிறது.

மாற்று வரைவு வந்ததும், பதிப்புரிமையில் பழக்கமுள்ள வழக்குரைஞர் ஒருவரிடம் காட்டிவிட்டே கையெழுத்திடுங்கள். நாகர்கோவிலில் கிடைக்காவிட்டால் மதுரையில், உயர் நீதிமன்றக் கிளையில் வழக்காடுபவர்களிடம் விசாரிக்கலாம். ஒப்பந்தத்தோடு நீங்கள் மூவரும் எழுதிய பங்குத் தாளின் நகலையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.