மியூசியத்துல இருக்குற ஃபாசில வச்சு இயற்கைப் பாதுகாப்பு பத்தி மக்களுக்குச் சொல்லித்தர முடியுமா?

முடியும்ங்க, ஆனா டைனோசர மட்டும் நம்பி இறங்காதீங்க. நான் சில வருஷமா ஒரு மியூசியத்துல வாலண்டியரா ஃபாசில் கேலரில நின்னு வர்றவங்களுக்கு விளக்கம் சொல்லிட்டு இருக்கேன். டைனோசர் எலும்புக்கூட்டப் பார்த்ததும் எல்லாரும் வாயப் பொளந்துட்டு நிப்பாங்க, போட்டோ எடுப்பாங்க, "6.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி விண்கல் விழுந்து போயிடுச்சு"ன்னு அவங்களே சொல்லிட்டு நகர்ந்துடுவாங்க. விண்கல் விழுந்ததுக்கு யாரு என்ன பண்ண முடியும், அதோட பேச்சு முடிஞ்சிடும்.

எனக்குக் கைகொடுத்தது அம்மோனைட்டும் நாட்டிலஸும்தான். ரெண்டுமே கணவாய் மீனுக்குச் சொந்தக்கார கடல் ஜீவன், சுருள் ஓடு; அம்மோனைட் எப்பவோ அழிஞ்சு போச்சு, நாட்டிலஸ் இன்னைக்கும் கடல்ல இருக்கு. நடுவுல வெட்டி பாலிஷ் போட்ட அம்மோனைட் ஃபாசில் ஒன்னு, பக்கத்துல அதே மாதிரி வெட்டுன நாட்டிலஸ் ஓடு ஒன்னு, ரெண்டையும் கையிலயே குடுத்துடுவேன். ரெண்டுலயும் உள்ள அறை அறையா தடுப்பு இருக்கும், அந்த அறைகளக் கோர்த்துட்டு ஒரு சின்னக் குழாய் போகும், நாட்டிலஸ்ல அது தடுப்போட நடுவுல, அம்மோனைட்ல வெளி ஓரமா. இத அவங்களே விரல வச்சுக் கண்டுபிடிக்கட்டும், நீங்க சொல்லாதீங்க.

அப்புறம்தான் கதை. விண்கல் விழுந்தப்போ அம்மோனைட் மொத்தமா போச்சு, நாட்டிலஸ் வம்சம் தப்பிச்சுது. ஏன்னா அம்மோனைட் குஞ்சுங்க ரொம்பப் பொடிசு, கடலோட மேல்மட்டத்துல மிதந்துட்டு இருந்துச்சு, நாட்டிலஸ் பெரிய முட்டையா கொஞ்சமா போடும், ஆழத்துலயும் வாழும், அதுதான் காப்பாத்திருக்கும்னு ஆராய்ச்சியாளர்கள் நினைக்கிறாங்க. அன்னைக்கு காப்பாத்துன அதே குணம்தான் இன்னைக்கு அதோட பலவீனம். முட்டை பொரிய கிட்டத்தட்ட ஒரு வருஷம், பெருசாகி இனப்பெருக்கத்துக்கு வர 10 வருஷத்துக்கு மேல, நாம அழகு சாமானுக்காக ஓட்டுக்கு ஆசைப்பட்டு பொறி வச்சுப் பிடிச்சா அந்த இழப்ப அதால ஈடு கட்டவே முடியாது. 2016ல சைட்டிஸ், அதாவது அழியுற ஆபத்துல இருக்குற உயிரினங்களோட வியாபாரத்தக் கட்டுப்படுத்துற சர்வதேச ஒப்பந்தம், அதோட மாநாட்டுலதான் நாட்டிலஸோட சர்வதேச வியாபாரத்துக்குக் கட்டுப்பாடு கொண்டு வந்தாங்க.

"இதுவரைக்கும் இருந்ததுல 99 சதவீதம் அழிஞ்சு போச்சாமே, அப்ப அழியுறது இயற்கைதானே?"ன்னு கட்டாயம் யாராவது கேப்பாங்க. நியாயமான கேள்வி, மழுப்பாம பதில் சொல்லணும். ஆமா, இயற்கைதான், ஆனா வேகத்தப் பாருங்க. ஸ்டெல்லர் கடல்பசுன்னு 8 மீட்டருக்கு வளர்ற ஒரு சாதுவான ஜீவன், 1741ல ஆராய்ச்சியாளர் கண்ணுல பட்டுச்சு, 1768க்குள்ள வேட்டையாடியே முடிச்சிட்டாங்க, 27 வருஷம். எத்தன தடவ சொன்னாலும் எனக்கு இந்த இடத்துல தொண்டை அடைக்கும்.

அதுக்காக பயமுறுத்தி மட்டும் அனுப்பக்கூடாது. லண்டன் நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியத்துல பெரிய ஹால்ல இருந்த டிப்ளோடோகஸ்ங்கற டைனோசர எடுத்துட்டு 2017ல நீலத் திமிங்கில எலும்புக்கூட்டத் தொங்க விட்டாங்க, ஹோப், அதாவது நம்பிக்கைன்னு பேரும் வச்சாங்க. 1966ல வேட்டைக்குத் தடை வந்ததாலதான் அந்த இனம் இன்னும் கடல்ல இருக்கு, சரியான முடிவுன்னுதான் சொல்லுவேன்.

ஒரு தடவ ஒருத்தர் அந்த நாட்டிலஸ் ஓட்ட ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, வீட்டு ஷோகேஸ்ல இதே மாதிரி ஒன்னு இருக்கு, தானா கரை ஒதுங்குனதா பிடிச்சதான்னு எப்படித் தெரியும்னு கேட்டார். கரை ஒதுங்குறது பெரும்பாலும் உடைஞ்சு நிறம் மங்கியிருக்கும்னு சொன்னேன். ஒன்னும் பேசாம போனார். கொஞ்ச நேரம் கழிச்சு பையனக் கூட்டிட்டு வந்து, குழாய் எதுல நடுவுல போகுது, எதுல ஓரமா போகுதுன்னு அவரே காட்டிட்டு இருந்தார்.