நிதி திரட்டும் சைக்கிள் பயணம்: முன்பின் தெரியாதவர் வீட்டில் தங்கலாமா?

நல்ல காரியத்துக்காக நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுபவர்கள் வழியில் அறிமுகமில்லாதவர்களின் வீடுகளில் தங்குவது பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலான கேள்விகள் கோலாலம்பூர் – பினாங்கு வழியைப் பற்றியவை. நானும் அதை வைத்தே பதில் சொல்கிறேன்.

செந்தூல் தம்பி: அண்ணா, சிறுநீரக நோயாளிகளுக்கு நிதி திரட்டி நாங்கள் நான்கு பேர் பினாங்கு வரை ஓட்டப் போகிறோம். தங்கும் விடுதிக்குச் செலவழிக்க மனமில்லை. இடம் தருபவர்களை எங்கே தேடுவது?

சைக்கிள் பயணிகளுக்கென்றே வார்ம்ஷவர்ஸ் என்றொரு வலையமைப்பு 1993 முதல் இருக்கிறது. இன்று நீங்கள் ஒருவர் வீட்டில் தங்குவீர்கள், பின்னொரு நாள் உங்கள் வீட்டில் ஒருவர் தங்குவார். மலேசியாவிலும் அதில் உறுப்பினர்கள் உண்டு. ஆனால் வழியிலுள்ள பேராக் மாநிலத்தின் சிறிய பட்டணங்களுக்கு அதை மட்டும் நம்பிப் புறப்பட வேண்டாம். உள்ளூர் சைக்கிள் குழுக்கள், கோயில் நிர்வாகம், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கம் என்று விசாரியுங்கள். முன்கூட்டியே அனுமதி கேட்டால் சீக்கியர் கோயில்களான குருத்துவாராக்களிலும் இடம் கிடைக்கும். அங்கே தலையை மூடிக்கொள்ள வேண்டும். மதுவும் புகையும் அறவே கூடாது.

நான்கு பேரும் ஒரே வீட்டுக்குப் போகாதீர்கள். இரண்டிரண்டு பேராகப் பிரிந்துகொள்ளுங்கள். கேட்கும்போது எல்லாவற்றையும் ஒரே செய்தியில் சொல்லிவிடுங்கள்: "நாங்கள் இருவர், ஆண்கள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வந்துவிடுவோம், மறுநாள் காலை ஏழு மணிக்குக் கிளம்பிவிடுவோம். ஒருவர் சைவம். தரையில் படுத்துக்கொள்வோம். இன்ன அமைப்புக்காக ஓட்டுகிறோம்." இப்படி எழுதினால் வீட்டில் நாலு பேரிடம் கேட்டுப் பதில் சொல்ல அவருக்கு வசதியாக இருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செலவு மிச்சம் என்பதற்காக மட்டும் ஒருவர் வீட்டுப் படியேறாதீர்கள். இடம் கொடுப்பவர் உங்களிடம் பணம் எதிர்பார்க்கவில்லை. உங்கள் மாலைப்பொழுதை எதிர்பார்க்கிறார். யாருக்காக ஓட்டுகிறீர்கள், ஏன் ஓட்டுகிறீர்கள் என்று கேட்க அவருக்கு ஆசை இருக்கும். குளித்துச் சாப்பிட்டதும் கைப்பேசியோடு மூலையில் முடங்குபவருக்கு விடுதி அறைதான் சரி.

செலாயாங் நண்பர்: எத்தனை நாள், எங்கெங்கே தங்குவது?

மொத்தம் ஏறத்தாழ 350 கிலோமீட்டர். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. பழைய கூட்டரசுச் சாலைதான் நமக்கு. தஞ்சோங் மாலிம், கம்பார், தைப்பிங் என மூன்று இரவு தங்கினால் உடம்பு தாங்கும். கோலகங்சாருக்கும் தைப்பிங்குக்கும் நடுவே புக்கிட் பெராப்பிட் ஏற்றம் இருக்கிறது. தைப்பிங்கோ மழைக்குப் பேர்போன ஊர், பிற்பகலில் கொட்டித் தீர்க்கும். அதனால் அன்றைய வீட்டாரிடம் மட்டும் ஒரு மணி நேரம் தாமதமாகலாம் என்று முதலிலேயே சொல்லிவையுங்கள். உலை வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு வரி அனுப்ப அரை நிமிடம் போதும்.

கிள்ளான் தங்கை: அண்ணா, நான் தனியாக ஓட்டுகிறேன். பெண்கள் இப்படித் தங்குவது பாதுகாப்பா?

தங்கலாம், ஆனால் தேர்வு உங்களுடையதாக இருக்க வேண்டும். முன்பு தங்கிய பெண்கள் எழுதிய கருத்துகளைத் தேடிப் படியுங்கள். குடும்பம் இருக்கும் வீடாகப் பாருங்கள். புறப்படுவதற்கு முன் அந்த வீட்டுப் பெண்மணியிடம் தொலைபேசியில் பேசிவிடுங்கள்; குரலிலேயே பாதி தெரிந்துவிடும். தனி அறையா, கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நல்லவர்கள் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தவறாக எடுத்துக்கொள்பவர் வீட்டுக்கு நீங்கள் போகவும் வேண்டாம்.

இருக்கும் இடத்தை வீட்டிலுள்ள ஒருவருக்கு நேரலையாகப் பகிருங்கள். ஒவ்வோர் ஊரிலும் ஒரு விடுதியின் பெயரைக் குறித்துவைத்து, அதற்கான பணத்தைத் தனியே எடுத்துவையுங்கள். மனத்துக்குச் சரிப்படவில்லையா, காரணம் எதுவும் சொல்லாமல் கிளம்பிவிடலாம். விருந்தாளியாக வந்தோமே, எப்படிக் கிளம்புவது என்ற தயக்கத்துக்கு அங்கே இடமே கொடுக்காதீர்கள்.

காஜாங் வாசகர்: சும்மா தங்கிச் சாப்பிடக் கூச்சமாக இருக்கிறது. பணம் கொடுக்கலாமா?

கையில் பணத்தைத் திணிக்காதீர்கள், சங்கடப்படுவார்கள். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் மோரை வாங்கிக் குடிப்பதுபோல் மனம் கோணாமல் வாங்கிக்கொள்ளுங்கள். வழியில் கொஞ்சம் பழம் வாங்கிப் போங்கள். மலாய்க்காரர் வீட்டுக்கும் பழம்தான் நல்லது, ஹலால் பற்றிய சந்தேகமே எழாது.

மற்றதெல்லாம் நடத்தையில் இருக்கிறது. கோலகங்சார் பக்கத்தில் ஒரு கம்பத்து (கிராமத்து) வீட்டில் நான் தங்கியபோது, சைக்கிளை வெளியே விடக் கூடாது என்று அந்த வீட்டு அம்மா கூடத்துக்குள்ளேயே கொண்டுவரச் சொன்னார். வெள்ளைத் தரை, சங்கிலியிலோ கறுப்பு எண்ணெய். பழைய செய்தித்தாளை அவரே விரித்து, சக்கரம் நிற்கும் இடத்தில் இன்னும் இரண்டு தாள் போட்டார். அன்றிலிருந்து ஒரு பழைய துணியும் செய்தித்தாளும் என் பையில் இல்லாமல் நான் கிளம்புவதில்லை. வாசலிலேயே சங்கிலியைத் துடைத்துவிடுவேன். வியர்வைத் துணியோடு அவர்கள் மெத்தையில் உட்காராதீர்கள். காலையில் பாயைச் சுருட்டிவைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

நிபோங் திபால் அக்கா: நான் இடம் கொடுப்பவள். என்ன தயார் செய்ய வேண்டும்?

சைக்கிளுக்குப் பூட்டிய இடம், குளிக்கத் தண்ணீர், வயிறு நிறையச் சோறு, துணி காயப்போட ஒரு கொடி. இதுவே அதிகம், அக்கா. அக்கம்பக்கத்தாரை எல்லாம் புகைப்படத்துக்கு அழைத்துவிடாதீர்கள். ஒன்பது மணிக்கே அவர்களுக்குக் கண் சொக்கும்.

செராஸ் வாசகர்: தங்கும் ஊர்களில் உண்டியல் ஏந்தலாமா?

உரிமம் இல்லாமல் கூடாது. வீடு வீடாகவும் தெருவிலும் நிதி திரட்டுவதற்கு 1947ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. காவல்துறையிடம் உரிமம் பெற வேண்டும். நன்கொடையை அமைப்பின் கணக்குக்கே நேரடியாக அனுப்பச் சொல்லுங்கள். 1967 வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்பு என்றால் கொடுப்பவருக்கு வரிக்கழிவும் உண்டு. சோறு போட்ட வீட்டில் நீங்களாக நன்கொடைப் பேச்சை எடுக்காதீர்கள். அவர்களாகக் கேட்டால் மட்டும் கணக்கு விவரம் கொடுங்கள்.

பத்துமலை தம்பி: கடைசியில் பினாங்குப் பாலத்தில் ஓட்டிக்கொண்டு போகலாமா?

பினாங்குத் தீவுக்குப் போகும் இரண்டு பாலத்திலும் அன்றாடம் சைக்கிளுக்கு அனுமதி இல்லை, தம்பி. பட்டர்வொர்த்தில் ஃபெரி படகில் ஏறுங்கள், சைக்கிளையும் ஏற்றிக்கொள்வார்கள். ஜார்ஜ்டவுனில் இறங்கியதும், வழியில் தங்கிய ஒவ்வொரு வீட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டோம் என்று சொல்லிவிடுங்கள்.