வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்: நியூமார்க்கெட்டுக்குப் புறப்படும் முன்

கேள்வி: கால்நடை மருத்துவம் நான்காம் ஆண்டு படிக்கிறேன். இங்கிலாந்தில் உள்ள ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரியின் வழியாக, வரும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பந்தயக் குதிரை வளர்ப்புக்குப் பெயர்பெற்ற நியூமார்க்கெட் பகுதியின் குதிரைப் பண்ணையிலும் மருத்துவமனையிலும் சில வாரங்கள் பயிற்சி பெற இடம் கிடைத்துள்ளது. எனக்கு மாடும் ஆடும்தான் பழக்கம். எதைப் படித்துக்கொண்டு போக வேண்டும்?
– வாசகி, நாமக்கல்

பதில்: முதலில் ஒரு நல்ல செய்தி. நீங்கள் போகும் காலம் மிகச் சரியானது. வட அரைக்கோளத்தில் பிறக்கும் பந்தயக் குதிரைகள் அனைத்துக்கும் ஜனவரி 1 அன்று ஒரு வயது கூடுவதாகக் கணக்கு வைத்திருப்பதால், ஆண்டின் தொடக்கத்திலேயே குட்டி பிறக்க வேண்டும் என்று பண்ணையாளர்கள் விரும்புகிறார்கள். பதினொரு மாதச் சினைக்காலத்தைக் கணக்கிட்டுப் பிப்ரவரி நடுவிலேயே இணை சேர்க்கையும் தொடங்கிவிடும். ஆகவே இரவில் பிரசவம், பகலில் சினைப்பைப் பரிசோதனை என்று இரண்டையும் நீங்கள் ஒரே பயிற்சியில் காணலாம்.

நூல்களைப் பொறுத்தவரை, அரிய நோய்களின் பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு போவதால் பெரிய பயன் இல்லை என்பதே என் கருத்து. நம் ஊர் மாணவர்கள் தடுமாறுவது மாட்டிடம் பழகிய கண்ணும் கையும் குதிரையிடம் தவறான பதிலைத் தரும் இடங்களில்தான். உடல் வெப்பநிலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 38.5 டிகிரி செல்சியஸ் என்று வெப்பமானி காட்டினால் பசுவுக்கு அது இயல்பு; ஓய்வில் நிற்கும் வளர்ந்த குதிரைக்கு அது ஏறத்தாழக் காய்ச்சல். பசுவின் இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 80 முறை துடிப்பதைக் கேட்டுப் பழகிய காதுக்கு, 28 முதல் 44 வரை துடிக்கும் குதிரையின் இதயம் நின்று நின்று அடிப்பதுபோல் தோன்றும். வயிற்றுவலியில் தவிக்கும் குதிரைக்கு 60ஐத் தாண்டிவிட்டால் மருத்துவர் முகம் மாறிவிடும். நாடியைப் பசுவின் வாலடியில் தேடுவோம். குதிரைக்குத் தாடை எலும்பின் கீழ் விளிம்பில், விரல் நுனியால் உருட்டிப் பார்க்கும் அளவுக்கு ஒரு தமனி ஓடுகிறது. பசுவில் இடது விலாவில் கைவைத்து முதல் இரைப்பையின் அசைவைப் பார்ப்பது போல, குதிரையில் வலது விலாவில் பெருங்குடலின் தொடக்கப் பையான குருட்டுக்குடலின் ஓசையைக் கேட்க வேண்டும்.

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பது பாடத்தில் ஒரு வரியாக வந்துபோகும். வயிற்றுவலியோடு வரும் குதிரைக்கு மருத்துவர் மூக்கு வழியாக இரைப்பைக்குள் குழாய் செலுத்துவதை நேரில் பார்க்கும்போதுதான் அந்த வரியின் கனம் விளங்கும். தேங்கிய நீர் வெளியேறாவிட்டால் இரைப்பையே வெடித்துவிடக்கூடும். மருந்திலும் இதே எச்சரிக்கை தேவை. மாட்டை மயக்கச் சைலசின் தேவைப்படும் அளவு, குதிரைக்குத் தேவைப்படுவதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். மாட்டுத் தீவனத்தில் சேர்க்கப்படும் மோனென்சின் குதிரைக்கு உயிர்க்கொல்லி. ஆசனவாய் வழிப் பரிசோதனையில் நீங்கள் தேர்ந்தவராகவே இருக்கலாம். ஆனாலும் குதிரையின் மலக்குடல் எளிதில் கிழியும், கிழிந்தால் பெரும்பாலும் உயிருக்கே ஆபத்து என்பதால், அங்கே அதை உங்களிடம் ஒப்படைக்கவில்லை என்று வருந்தாதீர்கள். அங்குள்ள பந்தயக் குதிரை இனத்தில் செயற்கைமுறைக் கருவூட்டலுக்கு அனுமதி இல்லை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். நாம் பெருமையாகக் கற்ற அந்தத் திறனுக்கு அங்கே வேலையில்லை. மாறாக, கருமுட்டை வெளியாகும் நாளை ஸ்கேன் திரையில் கணிப்பதுதான் காலைப்பொழுதின் முக்கியப் பணி.

புறப்படும் முன் குதிரையைத் தொட்டுப் பழகுவதற்குச் சென்னை வேப்பேரிக் கல்லூரி மருத்துவமனையில் அனுமதி கேளுங்கள். கொடைக்கானல், உதகை ஏரிக்கரைகளில் சவாரிக் குதிரை வைத்திருப்பவர்களும் பணிவாகக் கேட்டால் மறுக்கமாட்டார்கள். நோயில்லாத குதிரைகள் பலவற்றின் வெப்பநிலை, நாடி, மூச்சு, குடலோசை, ஈறின் நிறம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். இடது தோள்பக்கமாகக் குரல் கொடுத்துக்கொண்டு நெருங்குவது, கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாமல் மடித்துப் பிடிப்பது, மருத்துவர் நிற்கும் பக்கத்திலேயே நீங்களும் நிற்பது ஆகிய மூன்றும் அனிச்சையாக வர வேண்டும். மருத்துவரும் நீங்களும் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்றால், குதிரையின் தலையை உங்கள் பக்கம் இழுக்கும்போது அதன் பின்கால் அவரை நோக்கித் திரும்பிவிடும்.

கேள்வி: இரவுப் பிரசவக் கண்காணிப்புக்கு மாணவர்களை அமர்த்துவார்கள் என்று கேள்விப்பட்டேன். அப்போது எதைக் கவனிக்க வேண்டும்?
– மாணவர், ஒரத்தநாடு

பதில்: கடிகாரத்தைக் கவனிக்க வேண்டும். பசுவின் பிரசவத்தில் நமக்குக் கிடைக்கும் அவகாசம் குதிரையில் இல்லை. பனிக்குடம் உடைந்தபின் இருபது, முப்பது நிமிடங்களுக்குள் குட்டி வெளியே வந்துவிட வேண்டும். ஒரு மணி நேரத்தில் குட்டி எழுந்து நிற்க வேண்டும், இரண்டு மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும், மூன்று மணி நேரத்தில் நஞ்சுக்கொடி விழ வேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. பசுவுக்கு நஞ்சுக்கொடி விழ அரைநாள் வரை காத்திருந்து பழகியவர்கள், குதிரைக்கு மூன்று மணி நேரம் கடந்ததும் மருத்துவரை எழுப்பத் தயங்கக் கூடாது. கருப்பை அழற்சியும் அதைத் தொடர்ந்து குளம்பு அழற்சியும் வரக்கூடும்.

இன்னொன்றை முன்கூட்டியே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். இயல்பான பிரசவத்தில் முதலில் தெரிவது வெளிர்ந்த, பளபளப்பான சவ்வு. அதற்குப் பதிலாகச் சிவந்த வெல்வெட் துணி போன்ற பை தெரிந்தால், நஞ்சுக்கொடி முன்பே பிரிந்துவிட்டது, குட்டிக்கு மூச்சுக்காற்று நின்றுபோகிறது என்று பொருள். அந்தப் பையை உடனே கிழித்துக் குட்டியை வெளியே எடுக்க வேண்டும். முதல் நாளே பண்ணை மேலாளரிடம், அத்தகைய நேரத்தில் நான் யாரை அழைப்பது, நானே கைவைக்கலாமா என்று கேட்டுத் தெளிவு பெறுங்கள். சீம்பால் குடித்த குட்டிக்கு மறுநாள் இரத்தத்தில் எதிர்ப்புப் புரத அளவைப் பார்ப்பார்கள். டெசிலிட்டருக்கு 800 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் நிம்மதி. அந்தக் குளிரில் விழித்திருக்கக் கம்பளி உள்ளாடையும், நீர்புகாத கால்சட்டையும் அவசியம்.

கேள்வி: மகளை இப்படிப்பட்ட பயிற்சிக்கு அனுப்பவுள்ளோம். விசா, தடுப்பூசி, பாதுகாப்பு பற்றிப் பெற்றோர் கவனிக்க வேண்டியவை யாவை?
– ஒரு தந்தை, திருநெல்வேலி

பதில்: கால்நடை மருத்துவ மாணவர்கள் பார்வையாளர் விசாவில் பிரிட்டன் சென்று குறுகிய காலப் பயிற்சி பெற விதியில் இடம் உண்டு, ஆனால் ஊதியம் பெறக் கூடாது, சிகிச்சை அளிக்கவும் கூடாது. இவ்விரண்டும் தெளிவாக எழுதப்பட்ட அழைப்புக் கடிதத்தை அங்குள்ள கல்லூரியிடமிருந்தும், ஒப்புதல் கடிதத்தை இங்குள்ள கல்லூரியிடமிருந்தும் பெற்றுக்கொள்ளுங்கள். பயணக் காப்பீட்டின் விலக்குப் பகுதியை வரி விடாமல் படியுங்கள். விலங்குகளோடு வேலை செய்யும்போது ஏற்படும் காயத்துக்குப் பல காப்பீடுகள் பணம் தருவதில்லை. தனுர்வாதத் தடுப்பூசி காலாவதியாகாமல் இருக்க வேண்டும். நாய்க்கடிக்கு முன்கூட்டியே போடும் வெறிநோய்த் தடுப்பூசியை நம் நாட்டுக் கால்நடை மருத்துவ மாணவர் யாராயினும் பயணம் இல்லாவிட்டாலும் போட்டிருக்க வேண்டும்.

கோமாரி நோய் நம் நாட்டில் இன்னும் இருக்கிறது. 2001இல் அந்நோயால் பிரிட்டன் அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்று அழித்தது. குதிரைக்கு அந்நோய் வராது என்றாலும் குதிரைப் பண்ணைகளை அடுத்து ஆடு, மாடுகளும் உள்ளன. ஆகவே தொழுவத்தில் பயன்படுத்திய காலணியை இங்கேயே விட்டுவிட்டுப் புதியதை வாங்கிக் கொடுங்கள். புறப்படுவதற்குச் சில நாள் முன்பே மாடுகளிடம் போவதை நிறுத்தச் சொல்லுங்கள்.

உங்கள் மகளிடம் தயங்காமல் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. பெண் குதிரைகளின் சினைப்பருவத்தை முறைப்படுத்தத் தீவனத்தில் கலந்து தரப்படும் அல்ட்ரெனோஜெஸ்ட் என்ற எண்ணெய் மருந்து தோல் வழியாகவே உடலுக்குள் சென்று பெண்களின் மாதவிடாயைக் குலைக்கக்கூடியது. கையுறை இல்லாமல் அந்தக் குப்பியைத் தொடக் கூடாது. ஆஸ்துமா உள்ளவர்கள், குதிரைக்குச் சினைப்பருவத்தை வரவழைக்கப் போடப்படும் புரோஸ்டாகிளாண்டின் ஊசி மருந்தைக் கையாளக் கூடாது.

கேள்வி: குதிரையேற்றம் கற்றுக்கொண்டுதான் போக வேண்டுமா?
– மாணவி, சென்னை

பதில்: வேண்டியதில்லை. தரையில் நின்று குதிரையைப் பிடித்து நடத்தத் தெரிந்தால் போதும். தலைக்கவசத்தை அங்கே போய் வாங்குங்கள். இங்கே விற்கும் இருசக்கர வாகனத் தலைக்கவசத்தை எந்தப் பண்ணையிலும் ஏற்கமாட்டார்கள்.