யார் போட்ட உப்பு?

அன்புள்ள சார்,

பன்னிரண்டு ஆண்டுகளாக நியூ ஜெர்சியில் இருக்கிறேன். பேஸ்பால் எனக்குப் புரிய ஆரம்பித்ததே பத்து வயது மகனால்தான். அவனுக்கு நியூயார்க் யாங்கீஸ் அணியின் ஹுவான் சோட்டோ என்றால் உயிர். 2024 டிசம்பரில் சோட்டோ அதே நியூயார்க்கின் மெட்ஸ் அணிக்கு 76.5 கோடி டாலருக்குப் போய்விட்டார். யாங்கீஸ் 76 கோடி தரத் தயாராக இருந்ததாகச் செய்தி. அரைக் கோடிக்காக விசுவாசத்தை விற்றுவிட்டாரே! மகன் தன் 22ஆம் எண் சட்டையைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டான். நான் எடுத்து ஒளித்து வைத்திருக்கிறேன், இன்றுவரை அதைத் தொட மறுக்கிறான். இதைவிட நம் ஐபிஎல் ஏலம் நேர்மையானது அல்லவா? விளையாட்டை வைத்துத் தமிழில் ஏன் நல்ல நாவல்கள் வருவதில்லை? மகனுக்கு நான் என்ன சொல்லட்டும்?

கே.

அன்புள்ள கே.,

நாவல் கேள்வியை விட்டுவிடுங்கள், மாதம் ஒருவர் கேட்கிறார். ஏலத்தைப் பற்றி ஒரு வரி சொல்கிறேன். ஏலத்துக்குப் பெயர் கொடுத்தவர் எந்த ஊருக்கு ஆடுவது என்பதை எதிரே மேசையில் உட்கார்ந்து கையைத் தூக்குகிறவர் முடிவு செய்கிறார். அதைப் போய் நேர்மை என்கிறீர்கள்.

உங்கள் கணக்கும் தப்பு. யாங்கீஸ் சொன்ன 76 கோடி 16 ஆண்டுகளுக்கு. மெட்ஸ் தருவது 15 ஆண்டுகளுக்கு. ஒரு முழு வருட உழைப்பை விட்டுவிட்டு அரைக் கோடி என்று எழுதுகிறீர்கள். மாதச் சம்பளம் வாங்குகிறவர் செய்கிற பிழையா இது?

சரி, நான் பதில் எழுத உட்கார்ந்தது ‘விசுவாசம்’ என்ற சொல்லுக்காக. கொஞ்ச நாளாகவே அது என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

சோட்டோ டொமினிக்கன் குடியரசில் பிறந்தவர். 2015இல், பதினாறு வயதில், வாஷிங்டன் நேஷனல்ஸ் அவரை 15 லட்சம் டாலருக்கு எடுத்தது. 2019இல் அந்த அணி கோப்பை வென்றபோது அவர் முன்வரிசையில் நின்றார். 2022இல் 15 ஆண்டுகளுக்கு 44 கோடி என்றார்கள், அவர் வேண்டாம் என்றார். அந்தச் செய்தி வெளியான சில வாரங்களில் சான் டியாகோ அணிக்குத் தள்ளிவிட்டார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் சான் டியாகோ அவரை யாங்கீஸுக்குக் கைமாற்றியது. இரண்டு தடவையும் போகச் சம்மதமா என்று அவரிடம் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் மகனுக்கு யாங்கீஸ் சட்டை கிடைத்ததே அந்த இரண்டாவது கைமாற்றத்தில்தான். அன்றைக்கு சான் டியாகோவில் ஒரு பையன் அழுதிருப்பான். முதலாளி விற்றால் வியாபாரம், ஆட்டக்காரர் போனால் துரோகம். இந்தக் கணக்கு உங்களுக்கு எப்படிப் பொருந்தி வருகிறது?

ஆறு வருட ஆட்டக்கணக்கு முடிந்தால்தான் அங்கே ஃப்ரீ ஏஜென்ட், அதாவது விரும்பிய அணியோடு பேரம் பேசக்கூடியவர், ஆக முடியும். ஒரு வருடம் என்றால் முதன்மை அணியில் 172 நாள். 2015இல் சிகாகோ கப்ஸ் கிரிஸ் பிரையன்ட் என்ற இளைஞரைப் பருவத்தின் முதல் சில நாட்கள் கீழ்நிலை அணியிலேயே வைத்திருந்தது. களத்தில் பந்து பிடிப்பதில் இன்னும் பயிற்சி தேவை என்றார்கள். பிறகு அழைத்துக்கொண்டார்கள். வருடக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் 171 நாள். ஒரே ஒரு நாள் குறைந்ததால் அவர் இன்னும் ஒரு வருடம் அங்கேயே இருந்தாக வேண்டியதாயிற்று. முறையிட்டார், 2020இல் தோற்றார். இதற்கு நீங்கள் என்ன பெயர் வைப்பீர்கள்?

இந்த ஆறு வருடக் கணக்குகூட ஒரு காலத்தில் கிடையாது. ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரர் அணியின் உடைமைதான். அவர்கள் விற்கும்வரை அல்லது துரத்தும்வரை. 1969 அக்டோபரில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் தன் ஆட்டக்காரர் கர்ட் ஃபிளட்டை ஃபிலடெல்ஃபியாவுக்குக் கைமாற்றியது. பன்னிரண்டு பருவம் கார்டினல்ஸுக்கு ஆடியவர் அவர். போக மறுத்தார். என் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கி விற்க நான் சரக்கல்ல என்று கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் பேஸ்பால் ஆணையருக்குக் கடிதம் எழுதிவிட்டு வழக்குப் போட்டார். வருடம் 90 ஆயிரம் டாலர் வாங்குகிறவருக்கு என்ன குறை என்று ஊர் கேட்டது. தோற்பாய், ஆட்டமும் போய்விடும் என்று ஆட்டக்காரர் சங்கத் தலைவர் மார்வின் மில்லரே எச்சரித்திருந்தார். அப்படித்தான் ஆயிற்று. 1972இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்று அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மூன்று வருடம் கழித்து, தகராறு தீர்க்கும் நடுவர் ஒருவரின் முடிவில் வேறு இரண்டு ஆட்டக்காரர்கள் பெயரில் அந்தக் கதவு திறந்தபோது ஃபிளட் ஆட்டத்திலேயே இல்லை.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது தீர்ப்பு இல்லை. வழக்கு நடந்தபோது, பேஸ்பாலின் நிறத்தடையை உடைத்த கறுப்பின ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சன் வந்து சாட்சி சொன்னார். அவர் அப்போது ஓய்வுபெற்றவர். களத்தில் ஆடிக்கொண்டிருந்த ஒருவர்கூட நீதிமன்றத்துக்கு வரவில்லை.

1981இல் நான் ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன் தங்கை கல்யாணத்துக்கு முன்பணம் வாங்கியிருந்தார். அதை அடைக்காமல் வேறு அச்சகத்துக்குப் போக முடியாது. ஒருநாள் முதலாளி மேசை முன்னால் போய் நின்று நாற்பது ரூபாய் கூட்டிக் கேட்டார். முதலாளி நிமிராமலே சொன்னார்: “உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கணும்பா.”

நாங்கள் ஐந்து பேர் எழுத்துப் பெட்டி முன்னால் நின்றிருந்தோம். எங்களுக்கும் சேர்த்துத்தான் அண்ணன் கேட்கிறார் என்பது ஐந்து பேருக்கும் தெரியும். ஒருவரும் திரும்பவில்லை. ஈய எழுத்து கோக்கும் ஸ்டிக்கில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. நான் ஒரு கல்யாணப் பத்திரிகை கோத்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் தாத்தா பெயர் வரும் வரியை இரண்டு தடவை கோத்திருக்கிறேன் என்பது ப்ரூஃப் எடுத்த பிறகுதான் தெரிந்தது. அதைத் திருத்திக் கொடுத்ததும் அந்த அண்ணன்தான். ஒன்றும் சொல்லவில்லை, பேனாவால் ஒரு கோடு.

அந்தப் பழமொழியைச் சோறு போட்டவர் வாயிலிருந்துதான் கேட்டிருக்கிறேன். தின்றவர் சொல்லி இதுவரை கேட்டதில்லை. அப்புறம், யார் போட்ட உப்பு? யாங்கீஸ் மைதானத்துக்கு நீங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு போனது சோட்டோ அடிப்பதைப் பார்க்கவா, முதலாளியின் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கவா? தனக்குப் பிடிக்காத பந்தை அடிக்காமல் விட்டுவிட்டு, கால்களை அகட்டி மண்ணைத் தேய்த்து, எறிந்தவரை முறைப்பாரே, உங்கள் மகன் வீட்டில் அதைத்தானே செய்துகாட்டியிருப்பான்? அந்த 44 கோடியும் அவர் விட்ட பந்துதான்.

கோபமாக எழுதிவிட்டேன். பத்து வயதுப் பையனின் அழுகையை நான் குறைத்துச் சொல்லவில்லை, அது நிஜம். எடுத்து ஒளித்து வைத்தீர்களே, நல்ல காரியம். சோட்டோவுக்கு மெட்ஸிலும் 22தான். அந்த எண்ணை வைத்திருந்த பிரெட் பேட்டி விட்டுக்கொடுத்தார், பதிலுக்கு சோட்டோ அவருக்கு ஒரு பெரிய கார் வாங்கிக் கொடுத்தார். பையனிடம் காரைப் பற்றி முதலில் சொல்லுங்கள்.