எல்லாமே 'பிளாக்' இல்லை தம்பி

கேரள எல்லையில் இருக்கும் புளியரையில் லாரி புக்கிங் ஆபீஸில் இருக்கும் ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அவர் கேட்டது சுருக்கமாக: 'அண்ணாச்சி, ஆரியங்காவு பக்கம் வண்டி வரிசையா நின்னுது. மும்பை பார்ட்டிக்கு "ரோடு பிளாக்டு, லாரி வில் பி லேட்" என்று மெயில் போட்டேன். அடுத்த நிமிஷமே போன். யார் மறியல் பண்றாங்க, போலீஸ் வந்தாச்சா, சரக்கு பத்திரமா இருக்கா என்று ஒரே பதற்றம். இங்கே சபரிமலை சீசன் கூட்டம், அவ்வளவுதான். பிளாக், ஜாம், சோக், கஞ்செஷன் எல்லாம் ஒண்ணுதானே? எதை எங்கே போடணும்?'

தம்பி, தப்பு உங்கள் மேல் பாதிதான், மீதிப் பாதி நம் ஊர் மண்ணில் இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில், மலையாளப் பேப்பரில் போக்குவரத்து நெரிசலை 'கதாகதக்குருக்கு' என்று நீட்டி முழக்கி எழுதினாலும், பேச்சு என்று வந்துவிட்டால் தென்மலை, புனலூர் எங்கே கேட்டாலும் 'பிளோக்காணு' என்ற ஒரே பதில்தான். உங்கள் பக்கத்துச் செங்கோட்டையே முதலில் திருவிதாங்கூரிலும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்து, அதற்குப் பிறகு சென்னை மாநிலத்துக்கு வந்த ஊர். செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்தலாம், வார்த்தையை யார் நிறுத்துவது? அப்படித்தான் அந்த 'பிளாக்' உங்கள் மெயிலுக்குள் ஏறிவிட்டது. ஆனால் மும்பைக்காரருக்கு 'ரோடு பிளாக்டு' என்றால் சாலைக்குக் குறுக்கே ஏதோ கிடக்கிறது, மரம் விழுந்திருக்கிறது, மண் சரிந்திருக்கிறது, இல்லையென்றால் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். 'ரோட்பிளாக்' என்று சேர்த்து எழுதினால் இன்னும் மோசம், போலீஸ் தடுப்பு வைத்து மறித்திருப்பதைத்தான் முதலில் நினைப்பார். வழி இருக்கிறது, வண்டி அதிகம் என்பதற்கு 'டிராஃபிக் ஜாம்' அல்லது 'ஹெவி டிராஃபிக்' போதும். உங்கள் தொழிலில் இது வெறும் இலக்கணச் சண்டை இல்லை. ஜாம் என்றால் காத்திருப்பார்கள், பிளாக் என்றால் லாரியை வேறு பாதையில் திருப்பச் சொல்வார்கள்.

நான் பல வருஷமாக இங்கே ஆபீஸ்களுக்கு இங்கிலீஷ் கடிதம் எழுதிக் கொடுக்கிறேன். எனக்குக் கைகொடுத்த வழி ஒன்றுதான்: இங்கிலீஷ் வார்த்தையைத் தேடுவதற்கு முன்னால் அதைத் தமிழில் எப்படிச் சொல்வேன் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது. ரோட்டில் நெரிசல் என்கிறோம், மூக்கில் அடைப்பு என்கிறோம், குளம் தூர்ந்து போச்சு, நட்டு இறுகிப் போச்சு, சேலை முள்ளில் சிக்கிக்கிச்சு. ஒன்றை இன்னொன்றின் இடத்தில் தவறியும் போடமாட்டோம். குளம் நெரிசலாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் சிரிப்போம் இல்லையா? இங்கிலீஷ்காரனும் அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறான், நாம்தான் ஒரே சாவியைப் போட்டு எல்லாப் பூட்டையும் திறக்கப் பார்க்கிறோம்.

நெரிசலுக்கு நேர் வார்த்தை கஞ்செஷன். லத்தீனில் ஒன்றாகக் குவிப்பது என்ற பொருளில் இருந்து வந்தது. வழி மூடவில்லை, உள்ளே இருப்பது ஏராளம். லண்டனில் 2003 முதல் நகரத்தின் நடுப்பகுதிக்குள் கார் ஓட்டிப் போனால் கட்டணம் வாங்குகிறார்கள், அதற்கு கஞ்செஷன் சார்ஜ் என்றே பெயர். துறைமுகம், செல்போன் நெட்வொர்க் எல்லாவற்றுக்கும் இந்த வார்த்தை பொருந்தும். கிரிட்லாக் என்பது இதற்கும் மேலே ஒரு படி: நாலு முக்கிலும் வண்டி மாட்டி, எவனும் முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் நிற்பது. 1980-ல் நியூயார்க்கில் பஸ், ரயில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோதுதான் அந்த வார்த்தை ஊரெல்லாம் பரவியது. ஒற்றை மலை ரோட்டுக்கு அதைப் போடாதீர்கள், கட்டம் கட்டமாகத் தெருக்கள் இருக்கிற ஊருக்குத்தான் அது.

அடுத்தது ஸ்டக். இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். சூயஸ் கால்வாயை நினைத்துக்கொள்ளுங்கள். 2021 மார்ச்சில் எவர் கிவன் என்ற கப்பல், 400 மீட்டர் நீளம், கால்வாய்க்குக் குறுக்கே திரும்பி இரண்டு கரையிலும் முட்டி ஆறு நாள் நின்றது. கப்பல் 'ஸ்டக்'. கால்வாய் 'பிளாக்டு'. பின்னால் காத்துக் கிடந்த நூற்றுக்கணக்கான கப்பல்கள் 'பேக்டு அப்' (மூட்டை கட்டுகிற பேக் இல்லை, பின்பக்கம் என்கிற பேக்). மாட்டிக்கொண்டது எது, மூடப்பட்டது எது, பின்னால் தேங்கியது எது என்று பார்த்தால் மூன்று வார்த்தையும் தானாக வந்து உட்காரும். உங்கள் லாரி பிளாக்டு இல்லை, ஸ்டக் இன் டிராஃபிக்.

வீட்டுக்கு வருவோம். போன வாரம் எங்கள் வீட்டு சிங்க்கில் தண்ணீர் இறங்கவில்லை. கீழே வளைந்திருக்கும் குழாயைக் கழற்றினால் டீத்தூள், அதில் பின்னிக்கொண்ட தேங்காய் நார், எல்லாவற்றையும் ஒட்டவைத்த எண்ணெய்ப் பிசுக்கு, விரல் தடிமனுக்குக் கறுப்பாக ஒரு திரி உருவியது. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து ஓட்டத்தைக் கெடுக்கிற இந்த அடைப்புக்குத்தான் கிளாக் என்று பெயர். (கடிகாரம் இல்லை. கடைசி எழுத்தை 'தங்கம்' என்பதில் வரும் க மாதிரி மெல்லச் சொல்ல வேண்டும், தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத் தெரிவது நம் தலையெழுத்து.) இடைக்கால இங்கிலீஷில் அந்த வார்த்தைக்கு மரக்கட்டை என்று பொருள், மாடு ஓடாமல் இருக்க அதன் காலில் கட்டுகிற கட்டை. அடங்காத மாட்டுக்கு நம் ஊரிலும் கழுத்தில் கட்டை தொங்கவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். சிங்க் பிளாக்டு என்று எழுதினாலும் தப்பில்லை, பிரிட்டிஷ்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள், கிளாக்டு அமெரிக்காவில் அதிகம். குளத்துக்கும் கால்வாய்க்கும் மட்டும் இரண்டும் வேண்டாம், தூர்ந்து போனது 'சில்ட்டட் அப்'.

சோக் என்பது தொண்டை சம்பந்தப்பட்டது. சாக்கடை சோக்டு என்று நம் நாட்டு ஆபீஸ்களில் எழுதுவார்கள், இந்தியாவுக்குள் அது செல்லும். ஆனால் சளி பிடித்திருக்கிறது என்று சொல்ல நினைத்து 'ஐ ஆம் சோக்கிங்' என்று சொல்லிவிடாதீர்கள், தொண்டையில் ஏதோ சிக்கி மூச்சு முட்டுகிறது என்று எதிரில் இருப்பவர் முதுகில் தட்ட வந்துவிடுவார். பழைய பைக்கில் காலையில் சோக் இழுப்போமே, கார்புரேட்டருக்குப் போகும் காற்றின் கழுத்தைப் பிடிப்பதுதான் அதுவும்.

ஜாம் ரோட்டுக்கு மட்டும் இல்லை. பிரிண்டரில் பேப்பர், மழைக்காலத்தில் ஊதிப்போன கதவு, இரண்டும் ஜாம்தான். ஆனால் எண்ணெய் வற்றி இன்ஜின் பிடித்துக்கொண்டால், ஒர்க்‌ஷாப்பில் அதையும் ஜாம் என்பார்கள், இன்ஷூரன்ஸ் பாரத்தில் 'இன்ஜின் சீஸ்டு' என்று எழுதுங்கள்.

ஆஸ்பத்திரிப் பேப்பரில் மட்டும் ரொம்பக் கவனம். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'கஞ்செஸ்டிவ் ஹார்ட் ஃபெய்லியர்' என்று இருந்ததைப் பார்த்து, இதயத்தில் அடைப்பு, ஸ்டென்ட் வைக்கப் பணம் புரட்ட வேண்டும் என்று மூன்று நாள் அலைந்தார்கள். அந்த வார்த்தை அடைப்பைச் சொல்லவில்லை. இதயம் தேவையான அளவுக்கு ரத்தத்தைத் தள்ள முடியாததால் நீர் பின்வாங்கி நுரையீரலிலும் காலிலும் தேங்குவதைச் சொல்கிறது. ரத்தக்குழாய் அடைப்பு என்றால் அதைத் தனியாக எழுதியிருப்பார்கள். இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கவும் கூடும், அதனால் டாக்டரிடமே கேட்டுவிடுங்கள். மூக்கடைப்பை நேசல் கஞ்செஷன் என்பதும் இதே கணக்குதான். சளி மட்டும் காரணம் இல்லை, மூக்கின் உள்தோலில் இருக்கும் ரத்தக்குழாய்கள் வீங்கி வழி குறுகுகிறது. பேச்சில் 'பிளாக்டு நோஸ்' போதும்.

சரி, உங்கள் மெயில். இப்படிப் போடுங்கள்: 'லாரி ஸ்டக் இன் ஹெவி டிராஃபிக் நியர் ஆரியங்காவு. வெஹிக்கிள்ஸ் பேக்டு அப் டு புளியரை. ரோடு இஸ் ஓப்பன்.' கடைசி மூன்று வார்த்தையை விட்டுவிடாதீர்கள், போன் வராமல் காப்பது அதுதான். மண் சரிந்தால் மட்டும் 'ரோடு பிளாக்டு பை லேண்ட்ஸ்லைடு'. எதனால் என்பதையும் சேர்த்து எழுதிவிட்டால் மறியலா என்று யாரும் கேட்கமாட்டார்கள்.