டிரெய்னியா, இன்ஜினியரா?

வணக்கம் அம்மா.

உங்கள் மகள் கையில் இரண்டு ஆஃபர் லெட்டர். பெரிய கம்பெனி 'புரோகிராமர் அனலிஸ்ட் டிரெய்னி' என்கிறது. சின்ன கம்பெனி 'சாஃப்ட்வேர் இன்ஜினியர்' என்கிறது. "இன்ஜினியரிங் படிக்க வைத்துவிட்டு டிரெய்னியாகவா அனுப்புவாய்?" என்று உங்கள் அண்ணன் கேட்டதிலிருந்து தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கவலையை முதலில் இறக்கி வையுங்கள்.

இந்தத் துறையில் பதவிப் பெயரை அந்தந்த கம்பெனிதான் வைத்துக்கொள்கிறது. கல்லூரியிலிருந்து நேராக வருகிற பிள்ளைக்கு டிசிஎஸ்ஸில் 'அசிஸ்டென்ட் சிஸ்டம் இன்ஜினியர்', விப்ரோவில் 'புராஜெக்ட் இன்ஜினியர்', காக்னிசன்ட்டில் உங்கள் மகளுக்கு வந்த அதே பெயர். மூன்றும் ஏறக்குறைய ஒரே படிதான். ஜோஹோவில் 'மெம்பர் டெக்னிக்கல் ஸ்டாஃப்' என்பார்கள். அவ்வளவு ஏன், அமெரிக்க வங்கிகளின் ஐடி பிரிவுகளில் 'வைஸ் பிரசிடென்ட்' என்பதே நடுப்படிதான்!

டெவலப்பர், புரோகிராமர், இன்ஜினியர் என்ற பெயர்களுக்குள் பெரிய வித்தியாசம் தேடாதீர்கள். செய்யப்போகிற வேலை டெவலப்மென்டா (புரோகிராம் எழுதுவது), டெஸ்டிங்கா (எழுதியதில் பிழை இருக்கிறதா என்று சோதிப்பது), சப்போர்ட்டா (ஓடிக்கொண்டிருப்பதில் கோளாறு வந்தால் கவனிப்பது) என்பதைத்தான் தேட வேண்டும்.

என்னிடம் வந்த ஒரு பையனின் லெட்டரிலும் 'சாஃப்ட்வேர் இன்ஜினியர்' என்றுதான் இருந்தது. போன இடத்தில் ராத்திரி ஷிப்ட். திரையில் சிவப்பு வந்தால் பட்டியலில் இருக்கிறவருக்கு போன் போட வேண்டும், அவ்வளவுதான். இரண்டு வருடம் கழித்து வேறொரு இன்டர்வியூவில், "நீங்களே எழுதிய புரோகிராம் ஒன்றைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார்கள். பதில் சொல்ல முடியாமல் எழுந்து வந்துவிட்டான். கெட்டிக்காரப் பையன் அம்மா. அந்த இரண்டு வருடத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

அதனால் மகளையே பேசச் சொல்லுங்கள். சின்ன கம்பெனியில் ஹெச்ஆரோடு நிறுத்தாமல், தனக்கு மேலே இருக்கப்போகிற டீம் லீடிடம் பேச வேண்டும் என்று கேட்கட்டும். முதல் ஆறு மாதம் என்ன வேலை, எந்த புரோகிராமிங் மொழியில், எந்த ஷிப்ட்? நேராகப் பதில் வந்தால் தைரியமாகச் சேரலாம். பெரிய கம்பெனியில் பயிற்சி முடிந்த பிறகுதான் புராஜெக்ட் தெரியும், சில சமயம் அதற்கும் 'பெஞ்சில்', அதாவது புராஜெக்ட் எதுவும் இல்லாமல், காத்திருக்க வேண்டும். அங்கே பயிற்சி எதில் என்று கேட்டாலே பாதி விஷயம் பிடிபடும்.

அப்புறம், பாண்ட் (குறிப்பிட்ட காலத்துக்குள் வேலையை விட்டால் பணம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம்) இருந்தால் எத்தனை வருடம், எவ்வளவு பணம் என்று பாருங்கள். ஒரிஜினல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றால் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

சனிக்கிழமை இரண்டு லெட்டரையும் எடுத்துக்கொண்டு மகளோடு வாருங்கள். அண்ணனையும் அழைத்து வந்தால் நல்லது.