கேன்டீன் சீட்டு

அன்புள்ள சார்,

வியட்நாமில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கச் சிப்பாய்களைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். ஊர் திரும்பிய முதல் வருஷத்தில் 100-க்கு 95 பேர் அந்தப் பழக்கத்தில் திரும்ப விழவில்லை, அதுவும் பெரும்பாலும் சிகிச்சையே இல்லாமல் என்று எழுதியிருந்தீர்கள். நான் மனநல மருத்துவம் எம்.டி. கடைசி வருஷம். வேலூர் பக்கம், வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருந்த ஊர். முன்னாள் ராணுவத்தினருக்கென்று வாரம் ஒருநாள் குடிநோய் கிளினிக் தொடங்கலாம், நீயே திட்டம் எழுதி நீயே நடத்து என்கிறார் எங்கள் துறைத் தலைவர். உங்கள் கட்டுரையைப் படித்த பிறகு பேனா ஓடவில்லை. இடம் மாறினாலே சரியாகிவிடும் என்றால் டாக்டர் எதற்கு?

இன்னொன்று. அப்பா ஹவில்தாராக ஓய்வுபெற்றவர். சர்வீஸில் இருந்தவரை அளவோடுதான் குடித்தார். ஊருக்கு வந்த பிறகுதான் காலையிலேயே தொடங்குகிறார். யாரோ சொன்னார்கள் என்று அம்மா ஒரு மாத்திரையைப் பொடித்துக் குழம்பில் கலக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. அடுப்படியில் நானாகப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பெயர் வேண்டாம் சார்.

ஒரு வாசகி

*

அன்புள்ள டாக்டருக்கு,

முதலில் குழம்பு. இன்று இரவே அம்மாவோடு உட்கார்ந்து பேசி அதை நிறுத்துங்கள். மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை, அநேகமாக டைசல்ஃபிராமாக இருக்கும். தெரிந்து சம்மதித்துச் சாப்பிடுகிறவருக்கு அது நல்ல மருந்து. தெரியாமல் சாப்பிட்டுவிட்டு அதன்மேல் இரண்டு பெக் ஊற்றுகிறவருக்கு முகம் சிவக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் இறங்கும். இதயம் பலவீனமாக இருந்தால் உயிருக்கே ஆபத்து. கடைசி மாத்திரைக்கு அப்புறமும் இரண்டு வாரம்வரை அதன் வேலை இருக்கும். உங்களுக்கு இதெல்லாம் பாடம். மற்ற வாசகர்களுக்காக எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் குழம்பு நிறைய வீடுகளில் கொதிக்கிறது. அம்மாவைத் திட்டிவிடாதீர்கள். மகளே டாக்டராக இருந்தும் கேட்க வெட்கப்பட்டிருக்கிறார் என்றால், உங்கள் கிளினிக்குக்கு வரப்போகிற மற்ற வீட்டுப் பெண்கள் எவ்வளவு தயங்குவார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, வியட்நாம். அந்தக் கட்டுரையில் நான் பாதிக் கதையைத்தான் சொன்னேன். உங்கள் பேனா நின்றதற்கு நானே காரணம்.

1971-இல் வியட்நாம் போய்வந்த ராபர்ட் ஸ்டீல், மார்கன் மர்ஃபி என்ற இரண்டு காங்கிரஸ் உறுப்பினர்கள் (நம் ஊர்க் கணக்கில் எம்.பி.க்கள்), அங்கிருக்கும் அமெரிக்கப் படையினரில் 100-க்கு 10 முதல் 15 பேர் ஹெராயினுக்கு அடிமை என்று மே மாதம் அறிக்கை கொடுத்தார்கள். அங்கே கிடைத்த ஹெராயின் மலிவு, சுத்தமும் அதிகம். ஊசி போடக்கூட வேண்டாம், சிகரெட்டில் அடைத்துப் புகைத்தால் போதும். இத்தனை பேர் ஊர் திரும்பினால் என்ன ஆகும் என்று வாஷிங்டனில் பீதி. ஜூன் 17 அன்று ஜனாதிபதி நிக்சன் போதைப்பழக்கத்தை நாட்டின் முதல் எதிரி என்று அறிவித்து, ஒரு புது அலுவலகத்தைத் தொடங்கினார். அதன் தலைமைக்கு வந்தவர் போலீஸ்காரரோ ஜெனரலோ இல்லை. ஜெரோம் ஜாஃபி, 37 வயது மனநல மருத்துவர். சிகாகோவில் மெதடோன் (ஹெராயினுக்குப் பதிலாகக் கொடுக்கும் மருந்து), உள்நோயாளி சிகிச்சை, கூட்டாக வாழும் மறுவாழ்வு இல்லம் என்று எல்லாவற்றையும் ஒரே நிர்வாகத்தின்கீழ் நடத்திக் காட்டியிருந்தவர்.

அவர் செய்தது இரண்டு காரியம். ஊருக்குக் கிளம்பும் சிப்பாய் விமானம் ஏறுவதற்கு முன் சிறுநீர்ச் சோதனை. படை முகாமில் நடந்த இந்தச் சோதனைக்கு 'ஆபரேஷன் கோல்டன் ஃப்ளோ' என்று பெயர் விழுந்தது. பட்டாளத்து நையாண்டி எந்த நாட்டிலும் ஒரே ரகம்தான். சோதனையில் ஹெராயின் தெரிந்தால் விமானம் கிடையாது. சில நாள் அங்கேயே வைத்து, உடம்பிலிருந்து ஹெராயினை இறக்கி, அப்புறம்தான் அனுப்புவார்கள்.

இரண்டாவது காரியத்தை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. ராணுவச் சட்டப்படி போதைப்பொருள் பயன்படுத்துவது குற்றம், கோர்ட் மார்ஷல்வரை போகும். கெட்ட பெயரோடு வெளியேற்றப்பட்டவனுக்கு முன்னாள் படைவீரர் மருத்துவமனையும் கதவைச் சாத்திவிடும். யாருக்கு நோய் அதிகமோ அவனுக்குத்தான் மருத்துவமனை இல்லை. சோதனையில் மாட்டிக்கொண்டவனைத் தண்டிக்கக் கூடாது என்பதை ஜாஃபி வற்புறுத்தி வாங்கினார். அது இல்லாமல் சோதனையை மட்டும் வைத்திருந்தால் ஆட்களைப் பிடிக்கிற வலையாக முடிந்திருக்கும்.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் லீ ராபின்ஸ் செய்த ஆய்வுதான் நீங்கள் சொல்லும் 95-க்கு ஆதாரம். 1971 செப்டம்பரில் ஊர் திரும்பியவர்களில் ஏறக்குறைய 900 பேரை, திரும்பி எட்டு முதல் பன்னிரண்டு மாதம் கழித்துத் தேடிப்பிடித்துப் பேட்டி கண்டார். வியட்நாமில் அடிமையாக இருந்தேன் என்று ஒப்புக்கொண்டவர்கள் ஐந்தில் ஒருவர். அவர்களில் முதல் வருஷத்தில் திரும்பவும் அடிமையானவர்கள் 100-க்கு 5 பேர், மூன்று வருஷத்தில் 12 பேர். இதில் நான் விட்டுவிட்ட ஒரு செய்தி உண்டு. வியட்நாமில் அடிமையாக இருந்தவர்களில் பாதிப் பேர் ஊருக்கு வந்தபின் ஒரு தடவையாவது ஹெராயினைத் தொட்டிருக்கிறார்கள். தொட்டும் பெரும்பாலோர் மாட்டிக்கொள்ளவில்லை. 'ஒரு சொட்டு பட்டால் போச்சு' என்று நோயாளிகளிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய நமக்கு இது கொஞ்சம் கசக்கும்.

இடம் மாறியது உண்மை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு விமானம் நின்றது. சோதனை எந்த நாளில் என்று தெரியும், தேறினால் வீடு. முடிந்தவர்கள் அந்த நாளுக்கு முன்பே தாங்களாக நிறுத்திவிட்டு வந்தார்கள். முடியாதவர்கள் யார் என்பதும் அங்கேயே தெரிந்துவிட்டது. குடும்பம், கல்லீரல், ஆயுள் என்று நாம் சொல்கிற எதுவும் 20 வயதுப் பையனை அசைக்காது. வீட்டுக்குப் போகும் விமானம் அசைத்தது.

இப்போது அதே அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனை ஒன்றுக்குள் வாருங்கள். 2011-இலிருந்து அங்கே நடக்கிற ஒரு முறை, கொக்கெயினும் மெத்தும் (மெத்தாம்ஃபெட்டமின் என்ற போதைப்பொருள்) எடுப்பவர்களுக்கு. இவற்றை விடவைக்க அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இன்றுவரை இல்லை. வாரம் இரண்டு முறை வந்து சிறுநீர் கொடுக்க வேண்டும். போதைப்பொருள் இல்லை என்று வந்தால் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் கைவிட்டுச் சீட்டு எடுக்கலாம். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் நான்சி பெட்ரி என்ற உளவியலாளர் வகுத்த முறை. அவருடைய கிண்ணத்தில் 500 சீட்டு. பாதியில் 'சபாஷ்' மட்டும்தான், பரிசு கிடையாது. மீதியில் அநேகம் ஒரு டாலர் மதிப்பு, கொஞ்சம் 20 டாலர், ஒரே ஒரு சீட்டுக்குப் பெரிய பரிசு. தொடர்ந்து சுத்தமாக வந்தால் எடுக்கும் சீட்டின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். ஒருநாள் தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து. துப்பாக்கி பிடித்த கை, ஐம்பது தாண்டிய மனுஷன், திருவிழாவில் குலுக்கல் எடுக்கிற பையன் மாதிரி கிண்ணத்துக்குள் துழாவுகிறார். சிரிப்பு வரும்தான். அந்த முறையில் பெற்ற மாதிரிகளில் 100-க்கு 90-க்கு மேல் சுத்தமாக இருந்திருக்கின்றன. வராமல் நின்றவர்கள் அந்தக் கணக்கில் இல்லை என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

அந்த ஒரு டாலரும் 20 டாலரும் ரொக்கமாகத் தருவதில்லை. கூப்பனாகத் தருகிறார்கள், மருத்துவமனைக்குள் இருக்கும் படைவீரர் கேன்டீனில் செலவழிக்க. நம் ஊரில் கேன்டீன் என்றால் உங்கள் ஊர்க்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே சுத்தமாக வந்த நாளுக்குக் கேன்டீன் சீட்டு. இங்கே கார்டு காட்டினால் மாதக் கோட்டா பாட்டில்.

கோட்டாவைக் குறை சொல்லி ஒரு பக்கம் எழுதலாம், எழுதப்போவதில்லை. ஆனால் மிலிட்டரி ரம் ஊருக்குள் என்ன வேலை செய்கிறது என்று கிளினிக் நடத்தப்போகிறவர் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. கல்யாணம், காரியம், பட்டா மாற்றம், கரன்ட் கனெக்ஷன் எல்லாவற்றுக்கும் 'மிலிட்டரிக்காரரிடம் ஒரு பாட்டில் கேட்டுப் பார்' என்பார்கள். நாற்பது வயதை ஒட்டி ஓய்வுபெற்று வருகிற ஆளுக்கு காலை ஐந்து மணி விசில் இல்லை, ரேங்க் இல்லை, கீழே ஆள் இல்லை. ஊரில் அவருக்கு மிஞ்சியிருக்கும் மரியாதையில் ஒரு பங்கு அந்தப் பாட்டிலில் இருக்கிறது. அப்பா சர்வீஸில் அளவோடு குடித்தார், ஊரில்தான் மோசமானார் என்கிறீர்கள் இல்லையா? வியட்நாம் சிப்பாய் வீட்டுக்கு வந்து தப்பித்தான். உங்கள் அப்பா வீட்டுக்கு வந்து மாட்டிக்கொண்டார்.

என் தவறு ஒன்றையும் எழுதிவிடுகிறேன். பல வருஷத்துக்கு முன் ஒரு மருத்துவமனையின் குடிநோய் வார்டுக்கு நான் பொறுப்பு. ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் சேர்ந்தார். வீட்டுக்குப் போனபின் எவ்வளவு குடித்தீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வாருங்கள் என்றேன். அவர் நீளவாக்கில் கோடு போட்டு, தேதி, வரவு, செலவு, இருப்பு என்று கட்டம் கட்டி, எல்லாம் மில்லியில் எழுதி, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்தார். 180 மில்லி 150 ஆகி, 90 ஆகி இறங்கிக்கொண்டே வந்த கணக்கு. நாலாவது வாரம் வரும்போது வாயில் வாசனை. வார்டில் விதி, குடித்துவிட்டு வந்தால் பெயர் நீக்கம். நீக்கினேன். அவர் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அட்டென்ஷனில் நின்று, 'சரி சார்' என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைய பக்கத்தில் என்ன எழுதியிருந்தார் என்று நான் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவர் வரவும் இல்லை.

உங்கள் திட்டத்தின் முதல் வரியாக இதை எழுதுங்கள்: குடித்துவிட்டு வந்தாலும் பார்ப்போம். துறைத் தலைவர் முகம் சுளிப்பார், வார்டு நர்ஸ்கள் சண்டைக்கு வருவார்கள். தலைமைப் பொறுப்பு என்பதில் பாதி நேரம் இந்தச் சண்டைதான். மருந்து எழுதுவது மிச்ச நேரத்தில்.

அடுத்து, 'முதலில் குடியை நிறுத்திவிட்டு வா, அப்புறம் கெட்ட கனவைப் பார்க்கலாம்' என்று யாரையும் திருப்பி அனுப்ப வேண்டாம். போரோ விபத்தோ பார்த்தவர்களுக்கு இரண்டும் ஒன்றோடொன்று பின்னியிருக்கும். அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளின் வழிகாட்டு நெறியும் இரண்டையும் சேர்த்தே பார்க்கச் சொல்கிறது. இசிஎச்எஸ் (முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டம்) பாலிகிளினிக்கில் பேசி, பரிந்துரைச் சீட்டு வாங்க இரண்டு முறை அலையாதபடி பாருங்கள். ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர், குடியை விட்டவராகப் பார்த்து, வாசலில் உட்காரவையுங்கள். உங்களைவிட அவருக்குத்தான் அங்கே வேலை அதிகம் இருக்கும்.

அப்பாவுக்கு நீங்களே வைத்தியம் பார்க்காதீர்கள். சக மருத்துவர் யாரிடமாவது விடுங்கள். காலையிலேயே குடிக்கிறவர் ரோஷத்தில் திடீரென்று நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், அதற்கப்புறம் பிதற்றல். ஆஸ்பத்திரியில் சேர்த்து, தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட்டு, மருந்தோடுதான் குடியை இறக்க வேண்டும். இதை வாசிக்கும் மற்ற வீட்டுக்காரர்கள் 14446-ஐ அழைக்கலாம், போதைமீட்புக்கான தேசிய உதவி எண், கட்டணம் இல்லை.

அடுத்த மாதம் அவர் கேன்டீனுக்குப் போகும் நாளில் லீவு போட்டுவிட்டு நீங்களும் கூடப் போங்கள். கோட்டாவைப் பற்றி வாயைத் திறக்க வேண்டாம். அம்மாவுக்கு ஒரு மிக்ஸி வேண்டும், எது நல்லது என்று அவரையே கேளுங்கள். வரிசையில் நிற்கும்போது என்ன பேசிக்கொண்டு வந்தார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்